முந்நூற்றியோராவது சந்தா

அப்பா இல்லை. பால் சங்கத்துக்குப் போயிருக்கிறார், வர ஒரு மணி ஆகும். அந்த அட்டையை என்னிடம் நீட்டாதீர்கள் சார், அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன். ‘எச்சில் இதழின் சந்தாதாரர் பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுத வேண்டாம்.’ நீங்கள் எழுதவில்லை. ஆத்தூரிலிருந்து மூன்று பஸ் மாறி உடுமலைக்கு நேரிலேயே வந்துவிட்டீர்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் கிடையாது, கவிதைப் புத்தகத்தை முட்டுக்கொடுத்திருக்கிறோம். இந்தப் புத்தகக் கட்டின் மேல் உட்காருங்கள். இதுவும் விற்காத புத்தகம்தான், ஆனால் ஆடாது.

அப்பாதான் உங்கள் பேரை அடித்துவிட்டார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். முதல் இதழிலிருந்து முப்பத்து நான்கு வருஷமாகச் சந்தாதாரர், அகோரன் இப்படிச் செய்யலாமா என்று கேட்க வந்திருப்பீர்கள். அகோரன் செய்யவில்லை. அடித்தது நான். ஏன் என்று சொல்கிறேன். முழுசாகக் கேட்கணும். நடுவில் ‘அந்தக் காலத்துல நாங்கெல்லாம்’ என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இந்த வீட்டில் அந்த வாக்கியத்தை நான் சோற்றைவிட அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

என் பேர் நெருஞ்சி. ஆமாம், முள்தான். அப்பா வைத்தது. அதிலும் பூ பூக்கும் என்பார். அம்மா ஒருநாள்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவுக்கு ரேஷன் கார்டில் வேலுச்சாமி, பத்திரிகையில் அகோரன். காலையில் வேலுச்சாமியாகப் போய்ப் பால் லிட்டர் எழுதிவிட்டு, சாயங்காலம் அகோரனாக வந்து உலகத்தைத் திட்டுவார். கூடத் திட்டுவதற்கு இரண்டு பேர். ராயப்பன் மாமா, ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார், அட்டைப்படம் அவர். மருதாசலம் மாமா, ரிட்டயர்டு தபால்காரர், சந்தாதாரர் நோட்டு அவரிடம். மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் எச்சில். பெயரைக் கேட்டதும் மூக்கைச் சுளிக்கிறவன் நமக்கு வாசகன் இல்லையாம். பள்ளிக்கூடத்தில் மூக்கைச் சுளித்தது யாருக்கு முன்னால் என்று இவர்கள் யாரும் கேட்கவில்லை.

வரலாறு உங்களுக்குத் தெரியும். எச்சில் வெளியீடு, முப்பத்து நான்கு வருஷத்தில் பதினான்கு புத்தகம். எதற்கும் விலை போட்டதில்லை. விலை இருக்கும் இடத்தில் ‘நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது’ என்று இருக்கும். ஒரு கவிதைத் தொகுப்புக்கு ராயப்பன் மாமா கோணிச்சாக்கில் அட்டை தைத்தார். உழைப்பாளியின் வாசனையாம். எலிக்கு அந்த வாசனை பிடித்துவிட்டது. ஒரு நாவலுக்குப் பக்க எண் வேண்டாம் என்று மருதாசலம் மாமா சொன்னார், எண் போடுவது அதிகாரமாம். பைண்டிங் கடைக்காரர் பாவம், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் கையில் வந்த அச்சுத்தாளை எல்லாம் அடுக்கித் தைத்துவிட்டார். ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு மாதிரி. எழுதினவர் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதார். அதற்குள் மதுரையிலிருந்து ஒருவர் ‘நேர்கோட்டைச் சிதைத்த முதல் தமிழ் நாவல்’ என்று பன்னிரண்டு பக்கம் விமர்சனம் எழுதி அனுப்பிவிட்டார். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் திட்டமிட்டே அப்படிச் செய்ததாகப் பேட்டி கொடுத்தார். இவ்வளவுதான் சார் உங்கள் மாற்று இலக்கியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். முதல் இதழின் பின்னட்டையில் போட்டார்களே, இன்றைக்கும் ஒவ்வொரு இதழிலும் வருகிறதே: ‘எச்சிலுக்கு முந்நூறு வாசகர் போதும். முந்நூற்றியோராவது ஆள் சந்தா கட்டும் நாளில் நாங்களும் கூட்டம் சேர்க்கிறவர்கள் ஆகிவிட்டோம் என்று பொருள். அன்றோடு நிறுத்துவோம்.’ அது சத்தியம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டது. இருநூறைத் தாண்டவே நாக்குத் தள்ளிய பத்திரிகைக்கு இப்படி ஒரு சத்தியம். நான் ஏரோப்ளேன் ஓட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்கிற மாதிரி.

இப்போது அம்மா.

அம்மா தெய்வானை, நர்ஸ். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து எச்சிலுக்குப் பிழை திருத்தினது அவள்தான். டியூட்டி முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல், சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். இருபத்திரண்டாம் இதழிலிருந்து அறுபத்து நான்காம் இதழ் வரை. எங்கேயாவது அவள் பேர் பார்த்திருக்கிறீர்களா? போட்டதில்லை. பேர் போடுவது தனிமனித வழிபாடாம். அகோரன் என்ற பேர் மட்டும் இதழுக்கு ஆறு இடத்தில் வரும்.

அறுபத்து நான்காம் இதழில் அப்பா ஒரு கட்டுரை எழுதினார். ‘என் வீட்டுச் சிறைக்காவலர்.’ ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். குடும்பம் என்பது எப்படி ஒரு சிறை, மனைவி எப்படித் தனக்கே தெரியாமல் காவலாளி. ‘எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதே அதிகாரத்தின் மிக மென்மையான குரல்.’ இதை எழுதிவிட்டு யாரிடம் கொடுத்தார் தெரியுமா, பிழை திருத்த? அம்மாவிடமே கொடுத்தார். வேண்டுமென்று இல்லை சார். அவருக்குத் தோன்றவே இல்லை. பிழை திருத்துவது அம்மா, கட்டுரை வந்தாயிற்று, கொடுத்தார்.

அம்மா முழுசாகத் திருத்தினாள். பதினொரு பிழை. தலைப்பில் ‘சிறைகாவலர்’ என்றுதான் இருந்தது, ஒற்று சேர்த்தாள். டீயோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடுத்த வாரம் தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் கிடைத்தது. போகும்போது வாசலில் நின்று என்னிடம், “அந்தப் பத்திரிகை வர்ற வீட்ல என்னால இருக்க முடியாது கண்ணு. நீ பன்னெண்டாவது முடிச்சுட்டு அங்க வந்துரு” என்றாள்.

முதல் வாக்கியத்தைக் கவனித்தீர்களா? பத்திரிகை வருகிற வீட்டில். அப்படியென்றால் பத்திரிகை வராத வீட்டுக்கு வருவாள். இரண்டாவது வாக்கியம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அந்தக் கட்டுரையைப் பாராட்டி நான்கு கடிதம் வந்தது. ‘துணிச்சலான தன்விமர்சனம்’ என்று ஒன்று, அங்கமுத்து, ஆத்தூர். நீங்கள்தானே? பரவாயில்லை. அதற்காக உங்கள் பேரை அடிக்கவில்லை.

பன்னிரண்டாவது நான் முடிக்கவில்லை. தமிழ்ப் பரீட்சையில் ‘நான் போற்றும் தலைவர்’ என்று கட்டுரை கேட்டார்கள். நான் யாரையும் போற்றவில்லை என்று நான்கு பக்கம் எழுதினேன், காரணத்தோடு. சைபர் போட்டார் தமிழம்மா. ஹெட்மாஸ்டர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். கொடுத்தேன். அதில் ஏழு அடிக்குறிப்பு இருந்தது என்று டிசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இதற்கும் எச்சிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். போனில் அம்மாவிடம் சொன்னேன். எத்தனை அடிக்குறிப்பு என்று கேட்டாள். அப்புறம், “அப்படியே அவரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை, ஹெட்மாஸ்டரை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

அதனால் நான் தாராபுரம் போக முடியாது. முடித்துவிட்டு வா என்றாள், முடிக்கவில்லை. அவள்தான் இங்கே வரணும். அவள் வர எச்சில் நிற்கணும். எச்சில் நிற்க முந்நூற்றியொன்று ஆகணும். கணக்கு நேராக இருக்கிறதா?

மாசி மாதம் நோட்டில் இருநூற்று ஏழு பேர். இன்னும் தொண்ணூற்று நான்கு பேருக்கு எங்கே போவது? நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ‘திருப்பி அனுப்புகிறோம்’ பக்கம் இருக்கிறதல்லவா, வந்த படைப்புகளைத் திட்டித் திருப்புகிற பக்கம், அதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ‘உங்கள் கவிதை கிடைத்தது. மழை உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?’ ‘கதாநாயகன் செத்ததில் எங்களுக்கும் நிம்மதி. முதல் பக்கத்திலேயே செத்திருக்கலாம்.’ அம்மா போனதிலிருந்து அந்தப் பக்கத்தை எழுதுவது நான்தான். பிழை திருத்துவதும் நான்தான். அப்பாவுக்கு நேரமில்லை, யாராவது செய்யணுமே.

அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் பாருங்கள், அடித்துப் பிடித்துக்கொண்டு. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்தெல்லாம். திட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். என் வயசுக்காரர்கள் அவ்வளவு மட்டம். சித்திரை கடைசியில் மருதாசலம் மாமா நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். யாருக்கோ சர்க்கரை ஏறிப்போன ரிப்போர்ட்டைக் காட்டுகிற மாதிரி விரித்தார்.

“டேய் வேலு, இருநூத்தி எண்பத்தொண்ணுடா.”

“தப்பா எண்ணிருப்பே.”

“மூணு தடவ எண்ணிட்டேன்.”

ராயப்பன் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஜனங்களுக்குப் புடிக்கற மாதிரி எதையாச்சும் எழுதித் தொலச்சுட்டமா?”

“நான் எழுதல,” என்றார் அப்பா.

“நானும் எழுதல. உன்ற கட்டுரைதான் கொஞ்சம் புரிஞ்சுது போன தடவ.”

“வாயக் கழுவுடா.”

நான் உள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இவர்களை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். கிழவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் அந்தக் களையெடுப்பு. எல்லாச் சந்தாதாரருக்கும் மூன்று கேள்வி, தபால் அட்டையில். ஒன்று, சென்ற இதழில் பிடிக்காதது எது? இரண்டு, இதழை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூன்று, எச்சில் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? பொள்ளாச்சியில் மருந்துக்கடைக்காரர் ஒருவர், பூஜை அலமாரியில் வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதினார். அடித்துவிட்டார்கள். ‘நின்றுபோனால் மிகவும் வருந்துவேன்’ என்று எழுதினவர்கள் அத்தனை பேரும் ரசிகர்கள், அடி. பதிலே போடாதவர்களை வைத்துக்கொண்டார்கள். “பதில் போடாதவன்தாண்டா அசல் வாசகன்,” என்றார் மருதாசலம் மாமா. அப்படி ஒரு கூட்டத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

நான் முப்பது பேரைச் சேர்ப்பேன், இவர்கள் இருபது பேரை அடிப்பார்கள். வைகாசி பூராவும் இதே வேலை. நானும் சிலரைத் தள்ளினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சைபர் போட்ட தமிழம்மா சந்தா கேட்டார். ‘உங்களுக்கு நோட்ஸே போதும்’ என்று பதில் போட்டேன். ஒருவன் ஆறு இதயப் படம் போட்டுக் கேட்டான். இன்னொருவன் ‘எச்சில்’ என்பது சமையல் பத்திரிகையா என்றான். மொத்தம் ஒன்பது பேர். அவர்களைச் சேர்த்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். அதற்காகக் கண்டவனையும் சேர்க்க முடியுமா? இவர்கள் செய்தது பைத்தியக்காரத்தனம், நான் செய்தது வேறு.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முந்நூறு வந்தது. சரியாக முந்நூறு. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, முந்நூறும்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்.”

“ஒண்ணு வந்தா?”

“நின்னுரும்மா. பத்திரிகையே நின்னுரும்.”

வார்டில் இருந்தாள் போல, யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடுகிற சத்தம். “அந்த ஒண்ணு நான் போடறேன்,” என்றாள்.

எனக்குக் குதிக்கணும் போல இருந்தது. குதிக்கவில்லை.

நான்கு நாளில் வந்தது. ந. தெய்வானை, செவிலியர், அரசு மருத்துவமனை, தாராபுரம். மருதாசலம் மாமா அதை வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கேள்வி அனுப்புங்க,” என்றார்.

“டேய், அது உன்ற பொண்டாட்டிடா.”

“சந்தாதாரர். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் பேச முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேள்வி அட்டையில் விலாசத்தை அவர்தான் எழுதினார். மற்ற முந்நூறு பேருக்கும் எழுதினது நான்.

பதில் வந்த அன்றைக்கு மூன்று பேரும் இருந்தார்கள். ராயப்பன் மாமா எழுந்து நின்று வாசித்தார், கவியரங்கத்தில் வாசிக்கிற மாதிரி.

“ஒன்று. சென்ற ஏழு இதழ்களை நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய நாற்பத்து மூன்றையும் அச்சுக்குப் போகும் முன்பே படித்தேன். பிடித்ததா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு. வந்தால் வார்டு மேசையில் வைப்பேன். பார்க்க ஆள் வராத நோயாளிகள் படிக்க ஏதாவது கேட்பார்கள். மூன்று. நின்றுபோனால் ஒன்றும் செய்ய மாட்டேன். இருக்கிற இடத்தில் இருப்பேன்.”

வாசித்து முடித்துவிட்டு மாமா சொக்கிப்போய் நின்றார். “மூணாவதப் பாருடா. ஒரு சொல்லு கூடுதலா இருக்கா? முப்பத்து நாலு வருஷத்துல இப்பிடியொரு பதில் வரல.” அவருக்கு நடை பிடித்துவிட்டதாம். அப்பா அட்டையை வாங்கினார். திருப்பி, விலாசம் இருந்த பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏத்துக்கறோம்,” என்றார். மருதாசலம் மாமா முந்நூற்றியொன்று என்று எழுதிப் பேனாவை மூடினார்.

அவ்வளவுதான், நின்றுவிட்டது. ராயப்பன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசி இதழுக்கு அட்டை முழுக்கக் கறுப்பு என்றார். உடனே மருதாசலம் மாமா, கறுப்பு என்றால் சோகம், சோகம் என்றால் சமரசம் என்றார். சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

“அம்மா, நிறுத்தறாங்க. எப்ப வர்றே?”

“மூணாவது பதில் படிச்சியா கண்ணு?”

“அது அவங்களுக்கு எழுதினது.”

“தபால் அட்டைல எழுதினேன். உனக்கும் சேத்துத்தான்.”

“அப்பறம் எதுக்கு சந்தா கட்டினே? நிறுத்தத்தானே?”

“படிக்கத்தான். சந்தா வேற எதுக்குக் கட்டுவாங்க?” என்றாள். “இங்க டிரெய்னிங் பொண்ணு ஒருத்தி போன்ல காட்டினா. மழை என்ன கெடுதல் செஞ்சுதுன்னு. வார்டே சிரிச்சுது. எழுதினது நீதான்னு படிச்சதுமே தெரிஞ்சுருச்சு.”

“நீ சந்தா கட்டினா நின்னுரும்னு தெரியாதா? அந்தப் பின்னட்டைய நாப்பத்து மூணு தடவ திருத்தியிருக்கறே.”

“அவங்கள எனக்குத் தெரியும். யாரையாச்சும் அடிச்சுருவாங்க,” என்றாள். “நீ சாப்ட்டியா?”

போனை வைத்துவிட்டேன்.

அவர்களை அவளுக்குத் தெரியாது சார். அடிக்க மாட்டார்கள். செத்துப்போவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தலையங்கத்துக்கு அப்பா தலைப்புக்கூட யோசித்துவிட்டார். அம்மா வராத வீட்டுக்காக எதற்குப் பத்திரிகையை நிறுத்தணும், சொல்லுங்கள். நிறுத்தி யாருக்கு லாபம்? அன்றைக்குச் சாயங்காலம் நோட்டையும் பதில் அட்டைகளையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு பேர் போகணும். அம்மா முந்நூறாவது ஆகணும்.

உங்கள் பதிலில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உங்களுடையதுதான் நல்ல பதில். ‘நின்றுபோனால் முதல் இதழிலிருந்து மறுபடி படிப்பேன்.’ எல்லா இதழும் உங்களிடம் இருக்கிறது. மறுபடி படிக்க எழுபத்தொரு இதழ் இருக்கிறது. அம்மா போகும்போது ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. அதனால்தான். அந்தப் பாராட்டுக் கடிதத்துக்காக இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். கொஞ்சம் அதற்காகவும்தான்.

காலையில் இவர்களிடம், “ஒருத்தர எடுத்துட்டேன். இப்ப முந்நூறுதான்,” என்றேன். மருதாசலம் மாமா நோட்டைப் பார்த்துவிட்டு, “ஆத்தூர் அங்கமுத்தா? டேய் வேலு, அங்கமுத்துடா,” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். “நல்ல வாசகர்,” என்றார். அப்புறம் அடுத்த இதழ் எத்தனை பக்கம் என்று கேட்டார். ஏன் எடுத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருஷ சிநேகிதர் சார் நீங்கள். சிறைக்காவலரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிகிறவருக்கு ஒரு ‘ஏன்’ கேட்க வாய் வரவில்லை.

எழுபத்திரண்டாம் இதழ் வந்துவிட்டது. கறுப்பு அட்டைதான், வரைந்ததை வீணாக்க ராயப்பன் மாமாவுக்கு மனசு வரவில்லை. அம்மாவுடையதை மட்டும் பதிவுத் தபாலில் போட்டேன். மருதாசலம் மாமா சொல்கிறார், வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பத்து நாளைக்குள் திரும்பி வந்துவிடுமாம். போன் போட்டுக் கேட்கலாம், கேட்கவில்லை. நான் ஏன் கேட்கணும்?

இன்றைக்கு ஒன்பதாவது நாள். தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். வேண்டுமானால் இருந்து பாருங்கள். அது திரும்பி வந்தால் அந்த இடம் உங்களுக்கு, இப்போதே நோட்டில் எழுதித் தருகிறேன்.

ஆனால் வரும் என்று நினைத்துக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.